கச்சைக்காரனின் உதை

இந்த முனை தொடையில் குத்தினால் சொல்லிவிடுங்கள் தம்பி, திருப்பி வைத்துக்கொள்கிறேன். உள்ளே இருப்பது கம்ப்யூட்டர் பெட்டிதான். போர்வை சுற்றியிருப்பதால் கண்டக்டர் ஆட்டுக்குட்டியா என்று கேட்டார். நான் யாரிடமும் முதலில் வாய் திறக்கிறவன் இல்லை. உங்கள் மடியில் லேப்டாப் பை இருக்கிறது, திருநெல்வேலி போய்ச் சேரவும் நேரம் இருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

பழைய கேம் ஒன்று புதிய ஓஎஸ்ஸில் ஓட வேண்டும். ஓடாமல் இல்லை, ஓடுகிறது. ஆனால் சரியாக ஓடவில்லை. அது சரியாக ஓடாததால் என் மச்சான் வெள்ளைத்துரை வலது கையில் மாவுக்கட்டோடு பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருக்குத் துணையாகக் கூடப் போன என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் திரும்பி வரமாட்டேன் என்கிறாள். அவள் அவருடைய தங்கை.

அடித்தது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஒழுங்காக இருந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன். அதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

என் பேர் கொம்பையா. சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஜின்னிங் மில்லில் பஞ்சு எடை போட்டவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் நான் போட்ட எடையை யாரும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்ததில்லை. எண்ணிக்கை என்றால் எனக்கு எண்ணிக்கைதான். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எங்கள் பகையே எண்ணிக்கையில் வந்ததுதான். என் மகள் அனுசியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். இருபத்தொரு தட்டு வருகிறது என்று மச்சான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மேளத்தோடு வந்தார்கள். பந்தலில் இறக்கி வைத்ததை எண்ணினேன். இருபது. மறுபடியும் எண்ணினேன். இருபதுதான். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதனால் மைக்செட்காரர் காதில் மெதுவாகச் சொன்னேன். அவர் அதை மைக்கில் சொல்லிவிட்டார். "தாய்மாமன் சீர் இருபது தட்டு, ஒரு தட்டு குறைவு." நாலு தெருவுக்குக் கேட்டது.

மச்சான் பந்தியில் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தவர், வாளியோடு வந்து என் முகத்தில் அடித்தார். முன்பல் இரண்டு போயின. இப்போது நீங்கள் பார்ப்பது கட்டின பல். கண்ணில் எல்லாம் சாம்பார். நான் அவரைக் கீழே இழுத்துப் போட்டுக் காதைக் கடித்தேன். மடலில் கொஞ்சம் என் வாயோடு வந்துவிட்டது. அவருடைய ஆட்கள் என்னைப் பந்தல் வாழைமரத்தோடு சேர்த்து மிதித்தார்கள். பிள்ளைக்கு அன்றைக்குக் காது குத்தவே இல்லை. ஆசாரி ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

நான் சண்டைக்காரன் இல்லை தம்பி. கேட்டுப் பாருங்கள், மில்லில் பத்துப் பேருக்கு என் குரலே தெரியாது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஒரே அறையில் நின்றாலும் நடுவில் பேச்சி வேண்டும். "உன் வீட்டுக்காரர்ட்டச் சொல்லு." "உன் அண்ணன்ட்டச் சொல்லு." அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, இரண்டு பேருக்கும் காது இருக்கிறது. அவருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் பேச்சிக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. இனி அவள் காதில் சண்டைச் சத்தம் விழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் தங்கையைப் பார்க்கத் தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். எங்கள் வீடு ஒரு கூடம், ஓர் அடுப்படி. எங்கே போய் ஒளிவது? அவர் ஒரு சுவரோரம், நான் ஒரு சுவரோரம். நாங்கள் பல்லைக் கடிக்கிற சத்தத்துக்கே அவள் அழுதுவிடுவாள்.

மச்சான் ஊருக்குள் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எல்லார் கையிலும் போன் வந்ததும் மூடிவிட்டார். அதில் ஒரு பெட்டியை அனுசியா படிப்புக்கென்று கொடுத்திருந்தார். அதற்குள் யாரோ பையன்கள் ஏற்றிவைத்த சண்டை கேம் ஒன்று கிடந்தது. ஒரு சாயங்காலம் அனுசியா இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையில் நின்ற இரண்டு ஆட்களைக் காட்டினாள்.

"அப்பா, நீங்க மொட்டை. மாமா, நீங்க சிவப்புக் கச்சை கட்டினவன். எவ்வளவு வேணும்னாலும் அடிச்சுக்கிடுங்க. சத்தத்தை நான் குறைச்சு வச்சிருக்கேன்."

தம்பி, உங்கள் வயதுக்கு அந்தக் கேம் தெரிந்திருக்காது. ஒரு முற்றம். அதில் இரண்டு பேர், ஒருவர் சாகிறவரை அடித்துக்கொள்ள வேண்டும். செத்த பிறகும் முடியாது. ஜெயித்தவன் மேலே ஒன்று செய்துகொள்ளலாம். முதல் நாள் மச்சான் என் கையைத் தோளோடு பிடுங்கி, அந்தக் கையாலேயே என் வாயில் அடித்தார். எனக்குக் கட்டின பல் வலித்தது. மறுநாள் நான் அவரைக் கூரைமேல் ஏற்றி, உதைத்து, கீழே நட்டிருந்த கம்பிகளில் செருகினேன். நெஞ்சு வழியாக ஒன்று, தொடை வழியாக ஒன்று. திரையெல்லாம் ரத்தம். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

அப்புறம் தினமும் அதுதான். ஒரே கீபோர்டு. இடது பக்கம் என் பொத்தான்கள், வலது பக்கம் அவருடையவை. என் வலது முழங்கை அவர் விலாவில் இடிக்கும், அவருடைய இடது முழங்கை என் விலாவில் இடிக்கும். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மொட்டையும் கச்சைக்காரனும் பேசிக்கொண்டார்கள்.

"ஏல மொட்டை, உனக்குப் பாடை கட்டியாச்சுல."

"கச்சைக்காரருக்கு மூச்சு வாங்குது. பேச்சி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா, கடைசித் தண்ணி."

"மொட்டை கழுத்தை முறிச்சு அடுப்புல வைக்கப் போறேன், பேச்சி. உலையை இறக்கு."

பேச்சி கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்ப்பாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போகப் போக, "அண்ணே, குடலை விட்டுட்டீயளே, அதையும் எடுங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். ஆபரேஷன் தையல் மேல் கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மாத்திரையால் வந்த சுகம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன சித்திரை வரைக்கும் மொட்டை ஜெயித்தது ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு. கச்சைக்காரன் ஆயிரத்து இருநூற்றொன்பது. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. மனதில் இருக்கிறது.

சித்திரை மழையில் ஓர் இடி விழுந்து பெட்டி கருகிவிட்டது. கடைக்காரர் புதுப் பெட்டி கொடுத்தார். கருகாமல் தப்பிய டிஸ்கிலிருந்து கேமை எடுத்துப் போட்டார். அன்றிலிருந்து பிடித்தது சனியன்.

முதலில் திறக்கவே இல்லை. இந்த புரோகிராம் இந்தப் பெட்டியில் ஓடாது என்று இங்கிலீஷில் ஒரு பலகை வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். கோயம்புத்தூரில் வேலையில் இருக்கும் அனுசியாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, அது மேல வச்சு மவுசோட வலது பக்கத்தை அமுக்குங்க. பழைய ஓஎஸ் மாதிரி ஓட்டுன்னு ஒரு இடம் இருக்கும், அங்க டிக் பண்ணுங்க."

செய்தேன். திறந்தது. தீப்பெட்டி அளவுக்கு மூலையில் திறந்தது. மொட்டை எறும்பு மாதிரி நின்றான். அதைப் பெரிதாக்கினால் நிறம் மாறிவிட்டது. நான் மச்சான் மூக்கில் ஒரு குத்து விட்டேன், பச்சையாகக் கொட்டியது.

"பேச்சி, ரத்தம் பாரு, முருங்கைக்கீரைச் சாறு" என்றார் மச்சான். "நான் நல்லாத்தான் சாப்பிடுதேன். மொட்டைக்குத்தான் கண்ணு பழுது."

அனுசியா வேறு ஏதோ சொன்னாள், அதையும் செய்தேன். நிறம் சரியானது. வேகம் கெட்டது. புதுப் பெட்டிக்கு ஓட்டம் அதிகமாம், கேம் அதற்குத் தக்கபடி ஓடுகிறதாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் என் தலை தனியாக உருண்டது. யார் அடித்தார், எப்படி அடித்தார், ஒன்றும் தெரியாது. அந்த மாதிரிச் செத்ததை எல்லாம் நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

ஆடாத நாட்கள் மோசமாகப் போயின. மச்சான் வருவார், உட்காருவார், முட்டி ஆடும். ஒரு நாள் போகும்போது வாசலில் நின்ற என் சைக்கிளை மிதித்து முன்சக்கரத்தை எட்டாக்கிவிட்டார். சைக்கிள் வழியில் நின்றதாம். நான் அடுப்படியில் ஓர் எலியைச் செருப்பால் அடித்தேன். பேச்சி வந்து கையைப் பிடித்து, "செத்து ரொம்ப நேரம் ஆச்சுங்க" என்றாள். கறிக்கடையில் எலும்பை நானே வெட்டித் தருகிறேன் என்று கேட்டேன். கடைக்காரர் கத்தியைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். உதவி செய்யப் போனால் இப்படி. பேச்சிக்கு மாத்திரை கூடியது.

கடைசியில் அனுசியா கோயம்புத்தூரிலிருந்தே நெட் வழியாக எங்கள் திரைக்குள் வந்து ஒரு புரோகிராமைப் போட்டாள். பழைய பெட்டி மாதிரி நடிக்கிற புரோகிராம். அதற்குள் கேமை விட்டால், நாம் பழைய பெட்டியில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கேம் சரியாக ஓடுமாம். ஓடியது. பழைய வேகம். சிவப்பு ரத்தம். பேச்சி திரைக்கு விபூதி வைத்தாள்.

ஆனால் கீபோர்டு. இதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும் தம்பி. பழைய கீபோர்டு கனமானது, ஒரு பலகை மாதிரி. அதன் வயர் நுனி வட்டமாக இருக்கும். புதுப் பெட்டியில் வட்ட ஓட்டை இல்லை. அதைத் துடைத்துப் பீரோ மேல் வைத்தேன். கடைக்காரர் கொடுத்தது சப்பை, அப்பளம் மாதிரி. அதில் நான் பின்னால் போகிறது, குனிகிறது, தடுக்கிறது என்று மூன்று பொத்தானை ஒன்றாக அமுக்கிப் பிடித்தால், அவருடைய உதைப் பொத்தான் வேலை செய்யாது. அதற்கு மேல் அந்தக் கீபோர்டு தாங்கவில்லை. பகலில் தனியாக உட்கார்ந்து பலமுறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். நான் பிடித்திருக்கும்வரை உதை வராது. விட்டால் வரும்.

இதை அவரிடம் சொல்ல வழியில்லை. நாங்கள்தான் பேசுவது கிடையாதே.

அன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். மொட்டை தொடர்ந்து ஜெயித்தான். கச்சைக்காரனின் காலை ஒடித்தேன். கண்ணில் விரலை விட்டேன். முற்றத்து மூலையில் எரிகிற அடுப்பில் முகத்தை வைத்துத் தேய்த்தேன். அவர் உதைப் பொத்தானைக் கட்டைவிரலால் குத்திக்கொண்டே இருந்தார்.

"பேச்சி, என் உதை போகல."

"உன் அண்ணன்ட்டச் சொல்லு, வயசானா உதை போகாது."

"மொட்டை விரலை எடுக்கவே மாட்டேங்கான். நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"எடுக்கணும்னு எங்க சட்டம் இருக்கு? என் விரல், என் பொத்தான்."

அவர் நாற்காலியைத் திருப்பினார். திருப்பி, என் முகத்தைப் பார்த்தார். காதுகுத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேராகப் பார்க்கிறார்.

"ஏல கொம்பையா," என்றார். "அன்னைக்கும் நீ கள்ளக்கணக்கு, இன்னைக்கும் கள்ளக்கணக்கு. தட்டு இருபத்தொண்ணுதாம்ல. பந்தலுக்கு வரும் முன்னே தெருவுலயே ஒரு தட்டை உன் பொஞ்சாதி வாங்கி உள்ள கொண்டு போயிட்டா. செத்துப்போன எங்க அம்மா சேலை அதுல இருந்தது. ஊரு கண்ணு படக் கூடாதுன்னா. அவளைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இத்தனை வருசம் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். கேளு அவகிட்ட."

நான் பேச்சியைப் பார்த்தேன். அவள் முறத்தில் இருந்த பூண்டைப் பார்த்தாள். ஒரு பல்லை எடுத்து, உரித்ததையே மறுபடி உரித்தாள்.  அப்படியே இருந்தாலும், பந்தலுக்கு வராத தட்டு எப்படி எண்ணிக்கையில் வரும்? நான் எண்ணியது சரி. இருபது.

எழுந்தேன். கைக்குக் கிடைத்தது பீரோ மேல் இருந்த பழைய கீபோர்டு. இரண்டு கையாலும் பிடித்து அடித்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. பொத்தான்கள் சோளப்பொரி மாதிரி தெறித்தன. அடுத்த அடிக்கு அவர் கையைத் தூக்கினார், அது விரல்களில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் கேமில் வருகிற மாதிரி இல்லை தம்பி. சின்ன சத்தம். சுள்ளி ஒடிகிற மாதிரி. மூன்று விரல். அவர் அந்தக் கையோடேயே என் தலையைப் பிடித்துத் திரையில் மோதினார், பாருங்கள், நெற்றியில் தையல். அப்புறம் என் வயிற்றில் ஓர் உதை. அந்த உதை போனது. நான் அடுப்படி வரைக்கும் போய் விழுந்தேன்.

பேச்சி அழவில்லை. நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு துண்டை எடுத்து அண்ணன் கையைச் சுற்றினாள். ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். நான் தரையில் கிடந்தபடியே திரையைப் பார்த்தேன். விரிசலுக்கு அந்தப் பக்கம் மொட்டையும் கச்சைக்காரனும் எதிரெதிரே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அமுக்க ஆள் இல்லை.

எலும்பு முறிவு என்றால் ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து கேட்கும். யார் அடித்தது என்று கேட்டிருக்கிறார்கள். மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? "மொட்டை அடிச்சான்" என்றாராம். எந்த மொட்டை? "தெரியாது, ஒரு மொட்டை." ஆஸ்பத்திரி வாசலில் டீ ஆற்றுகிற ஒருவருக்குத் தலையில் முடி இல்லை. அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். எனக்குத் தலை நிறைய முடி, நீங்களே பாருங்கள்.

இதை அனுசியாதான் போனில் சொன்னாள். கை முறிந்து கிடக்கும்போதும் என் பேரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவ்வளவு பகை மனிதருக்கு.

நான் முதல் பஸ்ஸில் போனேன். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் போலீஸ்காரரிடம் போய் நின்று, அவர் நோட்டில் எழுதியிருந்ததை வாசித்தேன். எனக்கு அந்த மாதிரி இடங்களில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் சொன்னேன். "அடித்தது மொட்டை இல்லை ஐயா. மா. கொம்பையா. நான்தான். அடி ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு."

அவர் பேனாவை மூடினார். "பெரியவரே, அடிபட்ட ஆளே சும்மா இருக்காரு. நீங்க வீட்டுக்குப் போங்க."

"இரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்" என்றேன்.

திருத்திக்கொண்டார். இப்போது என் மேல் கேஸ்.

வராந்தாவில் பேச்சி வந்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"உங்களை யாரு கேட்டா? வந்த நாள்லருந்து அண்ணன் அந்தப் பொய்யை விடாமப் பிடிச்சுக்கிட்டு கெடக்கு."

"எதுக்குப் பொய் சொல்லணும்?"

"எதுக்கா?" என்றாள்.  "உங்களுக்கு எண்ணத்தான் தெரியும்." அப்புறம் சொன்னாள், "நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் முன்ன மாதிரி பக்கத்துல பக்கத்துல உக்காந்து அடிச்சுக்கிடுத அன்னைக்கு வாரேன். அதுக்கு முன்ன வர மாட்டேன்."

உண்மையைச் சொன்னதற்கு இது. எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான், வர மாட்டாள். வெறும் வீட்டில் பூண்டு வாசனை கூட இல்லை. அதனால்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு பிளக் இல்லாமலா போகும்? மச்சான் வார்டில் ஒன்று இருக்கிறது, எல்லாருடைய போனும் அதில்தான் சார்ஜ் ஏறுகிறது. விரிந்த திரைக்குப் பதில், பக்கத்துக் கட்டில்காரர் தன் வீட்டு டிவியைத் தருகிறேன் என்றார்.

என்ன சொன்னீர்கள்? ஆளுக்கு ஒரு கீபோர்டா? இரண்டையும் ஒரே பெட்டியில் செருகலாம், தெரியும். கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். வேண்டாம். தள்ளித் தள்ளி உட்கார வேண்டி வரும். முழங்கை இடித்தால்தான் அவர் எப்போது உதைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அப்படியா? வட்ட நுனியைச் சப்பை ஓட்டையில் மாட்டுவதற்கு ஒரு துண்டு கிடைக்குமா? சாதாரணக் கடையிலா? எவ்வளவு பெரிது? விரல் அளவுதானா?

ஒருத்தரும் சொல்லவில்லையே தம்பி.

ஒரு விரல் அளவு.

பழைய கீபோர்டு இந்தப் பையில் இருக்கிறது. ஒரு மூலை உடைந்திருக்கிறது, ஒட்டிவிட்டேன். உள்ளே உயிர் இருக்கிறதா என்று உங்கள் துண்டு வந்தால் தெரியும். தெறித்த பொத்தான்களைப் பொறுக்கி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் அமுக்கி வைத்தேன். ஒன்றுதான் கிடைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில், அடுப்படியில், சாக்கடையில் கையை விட்டுக்கூடத் துழாவினேன். கச்சைக்காரனின் உதைப் பொத்தான். அது இல்லாமல் அவர் எப்படி ஆடுவார்? அதுவும் இடது கையால். அதனால் என் பக்கத்திலிருந்து ஒன்றை நெம்பி எடுத்து அங்கே வைத்திருக்கிறேன். தடுக்கிற பொத்தான். அளவு சரியாகப் பொருந்திவிட்டது.

மொட்டைக்கு இனிமேல் தடுக்க வழியில்லை. இதில் பாசம் கீசம் எதுவும் இல்லை தம்பி. ஒரு கை இல்லாதவரை ஜெயித்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வருகிறதா? பெட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொடுங்கள், நான் இறங்கிக்கொள்கிறேன். அவர் முதலில் வயிற்றில்தான் உதைப்பார். நான் விலக மாட்டேன்.